கொல்லைப்புறத்தில் ஒரு கியூபா இருக்கிறது, தெரியுமா?

சளி பிடித்தால் கொல்லைப்புறத்திலிருந்து பறித்துக் கசக்கிக் கொடுக்கிறோமே கற்பூரவல்லி, அதற்கு உலகத் தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? கியூபா ஓரிகனோ! இத்தனைக்கும் அது பிறந்த இடம் கியூபா இல்லை. ஆப்பிரிக்காவின் கிழக்கு, தெற்குப் பகுதிகள், அரேபியா, நம் இந்தியா என்று இந்தப் பக்கத்துச் செடி. எப்படியோ கடல் தாண்டிக் கரீபியன் தீவுகளுக்குப் போய், அங்கே பீன்ஸ் குழம்பிலும் இறைச்சியிலும் இடம்பிடித்து, அந்த ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்டுவிட்டது. உண்மையான ஓரிகனோ வேறு செடி. ஆனால் இரண்டின் இலைகளுக்கும் மணம் தருபவை கார்வக்ரோல், தைமால் என்ற அதே எண்ணெய்ப் பொருள்கள்தாம். நம் ஓமத்தின் மணமும் அதே தைமால்!

இந்த ஒரு இலையைப் பிடித்துக்கொண்டு போனால், கியூபாவின் பெருநாள் உணவு ஒன்று நம் குமரி மாவட்டத்துச் சிதறால் பக்கத்து வீட்டு முற்றத்தில் வந்து நிற்கிறது. புளிப்பு ஆரஞ்சுச் சாற்றிலும் பூண்டிலும் ஊறவைத்து வாட்டிய பன்றி இறைச்சிதான் அது. அந்தப் பூண்டும் புளிப்பும் சேர்ந்த சாற்றுக்கு அங்கே மோஹோ என்று பெயர். பூண்டு, உப்பு, சீரகம், மிளகு, ஓரிகனோ, புளிப்பு ஆரஞ்சு, கொழுப்பு அல்லது ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான்! மஞ்சள் கிடையாது, மல்லி அரைக்க வேண்டாம், தேங்காய் வேண்டாம். கூட என்ன வைத்துச் சாப்பிடுவார்கள் தெரியுமா? அவித்த மரச்சீனிக் கிழங்கு!

ஆமாம், அதே மரச்சீனி. மார்த்தாண்டம், குழித்துறை, அருமனை, சிதறால் என்று விளவங்கோடு வட்டாரம் முழுக்க மீன் கறியோடு உண்ணும் அதே கிழங்கு, ஹவானாவில் பூண்டுச் சாறு ஊற்றிய பன்றி இறைச்சிக்குப் பக்கத்தில் ஆவி பறக்க உட்கார்ந்திருக்கிறது.

இனி அந்தப் புளிப்பு ஆரஞ்சைப் பெற்ற நாரத்தை வகையறாவின் கதையைக் கேளுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, நாரத்தை, பம்பளிமாஸ் எல்லாம் எங்கே பிறந்தவை? இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம்! அசாமின் கிழக்குப் பகுதி, மியான்மரின் வடக்கு, சீனத்தின் யுன்னான் மேற்கு ஆகியவை சூழ்ந்த நிலம். 2018இல் 'நேச்சர்' இதழில் வந்த மரபணு ஆய்வு இதைச் சொன்னது. இந்தக் குடும்பம் கிளைவிடத் தொடங்கி ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளாம். மனிதன் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால்! கியூபாக்காரர்கள் பிழியும் புளிப்பு ஆரஞ்சு, பம்பளிமாஸுக்கும் கமலா ஆரஞ்சு வகைக்கும் பிறந்த கலப்புப் பிள்ளை. அந்தப் பிள்ளை பிறகு கடாரங்காய் இனத்தோடு சேர்ந்து பெற்றதுதான் மேல்நாட்டுக் கடைகளில் இருக்கும் மஞ்சள் லெமன்.

ஆசியாவில் பிறந்த புளிப்பு ஆரஞ்சை அரேபியர்கள் மேற்கே கொண்டுபோனார்கள். 10ஆம் நூற்றாண்டு வாக்கில் அது ஸ்பெயினை எட்டிவிட்டது. செவில் நகரத்துத் தெருக்களில் இன்றும் வரிசையாக நிற்கும் ஆரஞ்சு மரங்கள் இந்த இனம்தான். அங்கிருந்து கியூபா பக்கம் எப்படிப் போனது? இங்கேதான் எனக்கு மெய்சிலிர்க்கிறது. 1493ஆம் ஆண்டு, கொலம்பஸின் இரண்டாம் பயணம், 17 கப்பல்கள். வழியில் கேனரித் தீவுக் கூட்டத்தின் லா கொமேராவில் நின்று பொருள் ஏற்றினார்கள். என்னென்ன ஏற்றினார்கள் தெரியுமா? எட்டுப் பன்றிகள்! கூடவே ஆரஞ்சு, எலுமிச்சை, கடார நாரத்தை விதைகள்! பன்றியும் அதைச் சமைக்கும் புளிப்பும் ஒரே கப்பல் கூட்டத்தில் ஒரே பயணத்தில் அட்லாண்டிக்கைக் கடந்திருக்கின்றன. சட்டியில் சந்திப்பதற்கு முன்பே கடலில் சந்தித்துவிட்டன!

அந்த எட்டுப் பன்றிகள் இறங்கியது பக்கத்துத் தீவான ஹிஸ்பானியோலாவில். 1511இல் ஸ்பானியப் படைத்தலைவர் தியேகோ வெலாஸ்கெஸ் கியூபாவைப் பிடிக்கப் போனபோது பன்றிகளும் கூடப் போயின. மூன்றே ஆண்டு கழித்து, 1514இல், தான் கொண்டுபோன பன்றிகள் 30,000 ஆகிவிட்டன என்று அவர் ஸ்பெயின் மன்னருக்கு எழுதினார். எண்ணிப் பார்த்தா எழுதியிருப்பார்? எண்ண முடியாத அளவுக்குப் பெருகிவிட்டன என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். காடு முழுக்கக் கிழங்கும் பழமும், துரத்த ஒரு புலிகூட இல்லை. பெருகாமல் என்ன செய்யும்!

இப்போது எதிர்த்திசை. மரச்சீனி தென்னமெரிக்காவில் பிறந்தது. கொலம்பஸ் போவதற்கு வெகுகாலம் முன்பே கியூபாவின் தைனோ மக்கள் அதைத் துருவி, நச்சுச் சாற்றைப் பிழிந்து, கசாபே என்ற மெல்லிய ரொட்டியாகச் சுட்டு உண்டார்கள். அந்த ரொட்டி சுடும் கலையை 2024இல் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. அந்தக் கிழங்கு நம் பக்கம் போர்த்துக்கீசியர் மூலம் வந்தது. ஆனால் வந்ததும் நாம் வாரி அணைத்துக்கொள்ளவில்லை. திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா, 1880 முதல் 1885 வரை ஆண்டவர், செடிகொடிகளில் பெரும் ஈடுபாடு கொண்டவர். விஷக் கிழங்கு என்று மக்கள் அஞ்சியபோது, அவரே அவித்து உண்டு காட்டினார் என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, திருவிதாங்கூரின் ஏழை வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தக் கிழங்கால்தான். அன்று சிதறாலும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1 அன்றுதான் குமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு சேர்ந்தது. பசி தீர்த்த கிழங்கை இன்றும் இந்த ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார்கள், பேசவும் கூடாது!

மிளகாய் விஷயம் இதைவிட வியப்பு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கியூபாவின் வீட்டு வாசலில் பிறந்தது என்றே சொல்லலாம். ஆனால் கியூபாவின் மோஹோவில் ஒரு மிளகாய்கூடக் கிடையாது! நம் குமரிப் பக்கத்துப் பன்றிக் கறியிலோ வற்றல் மிளகாய் இல்லாவிட்டால் யாரும் இலையில் கைவைக்கமாட்டார்கள். அவர்கள் ஊர்க் காரத்தை நாம் எடுத்துக்கொண்டோம்; நம் ஊர் நல்லமிளகை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கொலம்பஸ் கிளம்பியதே அந்த நல்லமிளகைத் தேடித்தான். 1492 அக்டோபர் 28 அன்று கியூபாவில் இறங்கியவர், சில நாட்களில் கையிலிருந்த மிளகையும் பட்டையையும் அந்த ஊர் மக்களிடம் காட்டி இது எங்கே விளைகிறது என்று கேட்டிருக்கிறார். விளைந்த இடமோ நம் மேற்குத் தொடர்ச்சி மலை! சிதறால் பக்கம் கமுகு மரத்திலும் பலாமரத்திலும் சுற்றிக்கொண்டு ஏறுகிறதே அந்தக் கொடி. அதே மிளகு வணிகத்துக்காகத்தான் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூரோடு மோதி, 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்கள். குளச்சல் சிதறாலுக்கு எவ்வளவு தூரம்? அதிகாலையில் பிடித்த மீன் காலை உணவுக்கு வந்து சேரும் தூரம்!

புளிப்பும் பூண்டும் பன்றியும் சேர்வது கியூபாவின் தனிக் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். போர்த்துக்கீசியர் ஒயினிலும் பூண்டிலும் இறைச்சியை ஊறவைத்தார்கள். அது கோவாவுக்கு வந்து, தென்னை வினிகரும் மிளகாயும் சேர்ந்து விந்தாலு ஆயிற்று. குடகில் பன்றிக் கறிக்குக் கச்சம்புளி என்ற கரிய புளிச்சாறு ஊற்றுவார்கள். அது எந்த மரத்துக் காய் தெரியுமா? நாம் மீன் கறியில் போடும் அதே குடம்புளி! இலங்கையின் கறுப்புப் பன்றிக் கறியிலும் கொறக்காப்புளி என்று அதே குடும்பத்துக் காய். காரணம் எளிது. பன்றிக் கொழுப்பு நாக்கில் படியும். புளிப்பு அதை அறுத்துக் கழுவும். உலகத்தின் நாலு மூலையிலும் நாலு சமையற்காரர்கள் ஒருவரையொருவர் கேட்காமலே இதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

சிதறால் என்றதும் மலையைப் பேசாமல் போக முடியுமா? மேலே இருக்கும் பாறைக்குடைவு ஒரு காலத்தில் சமணப் பள்ளி. திருச்சாரணத்துமலை என்பது பழைய பெயர். ஊரார் வாயில் சொக்கன்தூங்கி மலை. பாறை முகத்தில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள், பார்சுவநாதரும் பத்மாவதியும் அம்பிகையும் இருக்கிறார்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பொன்னணிகளைக் கொடையாகத் தந்த ஒரு பெண் துறவியைப் பற்றிச் சொல்கிறது அது! ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு பெண் ஆசிரியர், கல்லில் பெயர் பொறிக்கும் அளவுக்கு மதிப்போடு! அந்தத் துறவிகளின் நெறியில் ஊனுக்கு மட்டும் விலக்கு இல்லை. மண்ணுக்குள் விளைவதற்கும் விலக்கு. பூண்டு கூடாது, கிழங்கு கூடாது. அதாவது, இங்கே நாம் பேசிக்கொண்டிருக்கும் தட்டில் இறைச்சி, பூண்டு, கிழங்கு மூன்றும் அவர்கள் தொடாதவை. கீழே மாவட்டத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். அவர்களில் பல வீடுகளில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் பன்றி இறைச்சி வேகும். மலையின் நோன்பும் அடிவாரத்தின் விருந்தும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளாமல் ஒரே ஊரில் இருப்பது எனக்குப் பெரிய அழகாகத் தெரிகிறது.

கியூபாவிலும் பன்றி இறைச்சி கிறிஸ்துமஸ் முன்னிரவு உணவுதான். டிசம்பர் 24 இரவு முழுப் பன்றியைக் கரி நெருப்பில் மணிக்கணக்கில் வாட்டுவார்கள். 1969இல் அங்கே அரசு கிறிஸ்துமஸ் விடுமுறையையே எடுத்துவிட்டது, கரும்பு அறுவடை தடைபடக் கூடாதென்று! 1997இல், போப் இரண்டாம் ஜான் பால் வருவதற்குச் சற்று முன்புதான் விடுமுறை திரும்பி வந்தது. இடையில் சோவியத் ஒன்றியம் விழுந்து உணவுக்கே தட்டுப்பாடு வந்த 1990களில், ஹவானாவின் அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக்குள் பன்றி வளர்த்தவர்கள் உண்டு. அந்த இறைச்சி அவர்களுக்கு எவ்வளவு வேண்டியது என்று இதிலேயே தெரியவில்லையா?

மணிக்கணக்கில் வாட்ட நமக்கு நேரமில்லை. குக்கர் இருக்கிறதே! அந்தக் குக்கரின் பிறப்பும் ஒரு அதிசயம். 1679இல் லண்டனில் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் இறுக மூடிய கலம் ஒன்றைச் செய்தார். 1682இல் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு அதில் சமைத்து விருந்தே வைத்தார். எலும்புகூட மெத்தென்று வெந்திருந்ததாம். கலம் வெடிக்காமல் இருக்க எடை தொங்கும் வால்வையும் அவரே கண்டுபிடித்தார். நம் குக்கர் மூடியில் ஆடும் வெயிட்டுக்கு மூத்த பாட்டன் அதுதான்! நீராவி இயந்திரத்தின் எண்ணமும் பாப்பினுக்கு அங்கிருந்தே எழுந்தது. சரியாக 200 ஆண்டு கழித்து, 1879இல், பாஸ்டரின் கூட்டாளி சார்லஸ் சாம்பர்லாண்ட் அதே தத்துவத்தில் ஆட்டோகிளேவ் செய்தார். மருத்துவமனைகளில் கத்தியையும் ஊசியையும் கிருமி நீக்கும் அந்தக் கலத்தின் வெப்பநிலை 121 டிகிரி செல்சியஸ். உங்கள் வீட்டுக் குக்கர் முழு அழுத்தத்தில் எட்டும் வெப்பநிலை எவ்வளவு? அதே 121!

இந்தியாவில் 1959 ஒரு முக்கியமான ஆண்டு. டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928இல் சென்னையில் தொடங்கிய குழுமம் பெங்களூரில் பிரஸ்டீஜ் குக்கரைச் செய்யத் தொடங்கியதும், மும்பையில் ஹாக்கின்ஸ் பிறந்ததும் அதே 1959இல்! கியூபாவில் புரட்சி வென்றதும் அந்த ஆண்டுதான், ஜனவரியில்! அந்தப் புரட்சித் தலைவருக்கும் குக்கருக்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா? 2005 மார்ச் 8, உலக மகளிர் நாள். ஃபிடல் காஸ்ட்ரோ மணிக்கணக்கில் உரையாற்றினார். அதில் அவர் தந்த பெரிய அறிவிப்பு ஏவுகணை பற்றியதல்ல, குக்கர் பற்றியது! மாதம் 100,000 குக்கர்களை மலிவு விலையில் வீடுகளுக்குக் கொடுப்போம் என்றார். எரிபொருளை மிச்சப்படுத்தத் திட்டம். ஒரு நாட்டின் அதிபர் மேடையில் நின்று கறுப்பு பீன்ஸ் எப்படி வேகிறது என்று பேசியதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

சரி, அடுப்புக்கு வருவோம். ஒரு கிலோ இறைச்சி, முன்னங்கால் தோள் பக்கத்தது. கொஞ்சம் கொழுப்பு ஒட்டியிருக்கட்டும். வெறும் தசை குக்கரில் சக்கையாகிவிடும். தோளில்தான் கொலாஜன் என்ற இணைப்புத் திசுப் புரதம் நிறைய. அது உருகி ஜெலட்டின் ஆவதால்தான் இறைச்சி மெத்தென்றும் சாறு விரலில் ஒட்டும்படியும் ஆகிறது. சாதாரணப் பாத்திரத்தில் 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் எடுக்கும் இந்த மாற்றம், 121 டிகிரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் முடிகிறது.

பூண்டை உரலில் இடிக்கும்போது ஒரு நுட்பம். முழுப் பல்லில் மணம் கிடையாது! செல் உடைந்து அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் சந்தித்தால்தான் அல்லிசின் உண்டாகிறது. அந்தக் காரமான வாடை அதுதான். ஆனால் அந்த நொதிக்குக் கடும் புளிப்பு ஆகாது. எலுமிச்சைச் சாற்றிலேயே பூண்டை இடித்தால் அது அப்போதே முடங்கிப்போகும். அதனால் இருபது பல்லை முதலில் கல்லுப்பு இரண்டு தேக்கரண்டி சேர்த்து இடித்து, பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். பிறகுதான் சாறு. சீரகம் ஒரு தேக்கரண்டி, நல்லமிளகு அரைத் தேக்கரண்டி, கற்பூரவல்லி நாலைந்து இலை, இவற்றையும் அதோடு இடிக்கலாம். கற்பூரவல்லி அதிகமானால் கசாய வாடை வந்துவிடும், கவனம்.

புளிப்பு ஆரஞ்சு நம் சந்தையில் கேட்டவுடன் கிடைக்காது. கமலா ஆரஞ்சுச் சாறு இரண்டு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு கலந்தால் அந்தச் சுவைக்கு மிக அருகில் வரும். மெல்லிய கசப்பு வேண்டுமானால் நாரத்தங்காய்ச் சாறு ஒரு கரண்டி. மொத்தம் முக்கால் கப். தோலையும் விதையையும் குக்கருக்குள் போட்டுவிடாதீர்கள், அழுத்தத்தில் கசப்பு முழுக்க இறங்கிவிடும். பாதிச் சாற்றையும் இடித்த பூண்டில் முக்கால் பங்கையும் இறைச்சியில் பிசறி ஓரிரு மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். அலுமினியத்தைப் புளிப்பு தின்னும். குக்கரும் எவர்சில்வரானால் நல்லது.

குக்கரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு இறைச்சித் துண்டுகளை எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, நீளமாக அரிந்த வெங்காயம் இரண்டையும் ஊறிய சாற்றையும் ஊற்றி, உங்கள் குக்கர் கேட்கும் குறைந்த அளவுக்கு நீர் சேர்த்து மூடுங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். இது முக்கியம்! நாம் எல்லாவற்றையும் விசிலால் எண்ணிப் பழகியவர்கள். ஆனால் ஒவ்வொரு விசிலிலும் வெளியேறும் ஆவியோடு ஆரஞ்சின் மணமும் பூண்டின் மணமும் போகிறது. தெரு முழுக்க மணக்கிறது என்றால் சட்டிக்குள் அவ்வளவு குறைந்துவிட்டது என்று பொருள். அழுத்தம் ஏறிய பின் வெப்பநிலை 121ஐ விட்டு மேலே போகப் போவதில்லை. தீயைக் கூட்டினால் சத்தம்தான் கூடும். சிறு தீயில், இரண்டு அங்குலத் துண்டுகளுக்கு 25 முதல் 30 நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து, அழுத்தம் தானாக இறங்கட்டும். வெயிட்டைத் தூக்கி அவசரப்படுத்தினால் உள்ளே சாறு கொதித்தெழுந்து இறைச்சி நாராகிவிடும்.

பன்றி இறைச்சி என்றால் நாடாப்புழு என்று தயங்குவோருக்கு ஒரு சேதி. இந்த வெப்பத்தில் புழுவின் எந்த நிலையும் பிழைக்காது. மூளையில் கட்டி உண்டாக்கும் பயங்கரம் வருவது இறைச்சியைத் தின்பதால் அல்ல, புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டைகள் நீரிலும் காய்கறியிலும் கையிலும் கலந்து வாய்க்குள் போவதால். காய்கறி மட்டுமே தின்னும் ஒருவருக்கும் அது வரலாம்! சோப்புப் போட்டுக் கைகழுவுவதும், பச்சைக் காய்களை நன்றாக அலசுவதும், கழிப்பறையும்தான் அதற்கு மருந்து.

குக்கர் தராத ஒன்று மொறுமொறுப்பு. ஈரத்தில் அது வராது. துண்டுகளை எடுத்து, குக்கர் சாற்றின் மேலே மிதக்கும் கொழுப்பை இரும்புச் சட்டியில் கொஞ்சம் விட்டு ஓரம் கருகும்வரை வறட்டுங்கள். கியூபாவின் கரி நெருப்புக்கு ஈடாக நம்மிடம் இருப்பது இந்தச் சட்டிதான், அது போதும். மறுபுறம் குக்கரில் நின்ற சாற்றைப் பாதியாக வற்றவிடுங்கள். வேகும்போது பூண்டு இனித்து அடங்கியிருக்கும். எடுத்து வைத்த மீதிப் பூண்டின் மேல் சூடான எண்ணெய் இரண்டு கரண்டியை ஊற்றுங்கள். சுரீரென்று பொரிந்து அடங்கியதும் முன்பு எடுத்து வைத்த மீதிப் புளிப்புச் சாற்றைச் சேருங்கள். கியூபாப் பாட்டிகள் செய்யும் மோஹோ இதுவேதான்.

மரச்சீனியைக் குக்கரில் மூடி வேகவைக்க வேண்டாம். அதிலுள்ள லினமரின் என்ற பொருள் உடைந்து உண்டாகும் சயனைடு ஆவியாகவும் நீரோடும் வெளியேற வேண்டும். தோலுரித்து, நடுநாரை எடுத்து, நிறைய நீரில் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டு அந்த நீரை வடித்துக் கொட்டுவது நம் வீடுகளில் தலைமுறையாக நடப்பதுதான். வடித்த சூட்டிலேயே மோஹோவில் பாதியைக் கிழங்கின் மேல் ஊற்றுங்கள், மீதியை வறட்டிய இறைச்சியின் மேல். பக்கத்தில் நேந்திரம்பழம் நாலு துண்டு நெய்யில் பொரித்து வையுங்கள். கியூபாவிலும் இந்தத் தட்டில் பொரித்த வாழைப்பழம் உண்டு. வாழை ஆசியாவிலிருந்து போய்க் கேனரித் தீவு வழியாக 1516இல் கரீபியனில் இறங்கியது!

குக்கரில் மிஞ்சிய சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் மேலே வெள்ளைக் கொழுப்பும் கீழே கட்டியான ஜெலட்டினும் பிரிந்து நிற்கும். மறுநாள் காலை அந்தக் கொழுப்பு ஒரு கரண்டியில் பழைய கிழங்கை உடைத்துப் போட்டு, கடுகு தாளித்து, இரண்டு காந்தாரி மிளகாயைக் கீறிப் போட்டு முறுக வறுத்துப் பாருங்கள்.